உடம்பில் தங்கிப்போன பயம்

(நமது கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காகவும், குழுக் கூட்டத்தில் வாசித்துப் பேசுவதற்காகவும் வெளியிடுகிறோம்.)



வரவு செலவு வாசித்தாகிவிட்டது. வங்கிக் கடன் பற்றியும் பேசி முடித்துவிட்டோம். அடுத்தது ‘உடல்நலம்’ என்று அஜெண்டாவில் போட்டிருக்கிறது. வழக்கமாக ரத்தசோகை, கர்ப்பப்பை என்று பேசுவோம். இன்றைக்கு வேறு ஒன்று. திருநங்கை, திருநம்பிப் பிள்ளைகளின் உடம்பில் தங்கிப்போகிற பயத்தைப் பற்றியும், அதை இறக்கி வைக்க உதவுகிற ஒரு சிகிச்சையைப் பற்றியும் பேசப்போகிறேன்.

‘நம்ம ஊர்ல அப்படி யாரும் இல்லையே, இது நமக்கு எதுக்கு?’ என்று சிலர் நினைக்கலாம். இருக்கிறார்கள் அக்கா. குழுக் கூட்டம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு, ‘மேடம், தனியா ஒரு விஷயம் பேசணும்’ என்று என்னிடம் வந்த தாய்மார்கள் நம்ம கூட்டமைப்பிலேயே இருக்கிறார்கள்.

முதலில் வார்த்தைகளைத் தெரிந்துகொள்வோம்

பிறக்கும்போது ஆண் என்று சொல்லப்பட்டு, உள்ளுக்குள் தன்னைப் பெண்ணாக உணர்கிறவர் திருநங்கை. பெண் என்று சொல்லப்பட்டு, தன்னை ஆணாக உணர்கிறவர் திருநம்பி. இவர்கள் எல்லாரையும் சேர்த்து திருநர் என்கிறோம். பெண்ணை விரும்புகிற பெண், ஆணை விரும்புகிற ஆண் இவர்களையும் சேர்த்துச் சொல்ல பால்புதுமையர் என்ற சொல் இருக்கிறது. இப்படி மரியாதையான சொற்களைத் தொகுத்து 2022-ல் தமிழ்நாடு அரசே அரசிதழில் வெளியிட்டிருக்கிறது. ஊரில் சொல்கிற மற்ற பெயர்கள் எல்லாம் வசவு. அவற்றை இந்தக் கூட்டத்தோடு விட்டுவிடுவோம்.

இது நோய் இல்லை. ஒருபால் விருப்பத்தை உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. திருநராக இருப்பதை 2019-ல் மனநோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது. நோய் இல்லாததற்கு மருந்து கிடையாது. அப்படியென்றால் நான் சொல்லப்போகும் சிகிச்சை எதற்கு? அவர்கள் பட்ட அடிக்கும், கேட்ட பேச்சுக்கும், அதனால் உடம்பில் தங்கிப்போன பயத்துக்கும்தான். இந்த வித்தியாசம் ஒன்று மட்டும் மனசில் நின்றால் போதும், நான் பேச வந்தது வீண்போகாது.

பயம் உடம்பில் எப்படித் தங்குகிறது?

இது நமக்குப் புதுசு இல்லை. ‘ஈரக்குலை நடுங்கிப்போச்சு’, ‘வயித்துல புளியைக் கரைச்சது’, ‘கை கால் வெலவெலத்துப்போச்சு’, ‘விக்கிச்சுப்போய் நின்னுட்டேன்’ என்றெல்லாம் நாம் தினமும் பேசுகிறோம். பயம் உடம்பில்தான் இருக்கிறது என்று நம்ம பேச்சிலேயே இருக்கிறது.

டாக்டர்கள் இதையே இப்படிச் சொல்கிறார்கள். ஆபத்து என்று மூளைக்குத் தெரிந்ததும், சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிற அட்ரீனல் சுரப்பி வேலை செய்கிறது. நெஞ்சு படபடக்கும், வாய் உலரும், கைகால் முறுக்கேறும். எதிர்த்து நிற்கவோ ஓடவோ உடம்பு தயாராகிறது. இரண்டுமே முடியாதபோது உடம்பு மரத்துப்போகிறது. பேச்சு வராது, அடித்தால்கூட உறைக்காது.

ஆபத்து போனதும் இது அடங்க வேண்டும். தெருநாய் சண்டை போட்டு முடிந்ததும் உடம்பை ஒரு உதறு உதறிவிட்டுத் தன் வழியே போவதைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் பீட்டர் லெவின் என்ற மனநல அறிஞர் மிருகங்களைப் பற்றி இப்படித்தான் யோசித்தார். புலியிடமிருந்து தப்பிய மான் நடுங்கி முடித்துவிட்டு மறுபடி மேய்கிறது, மனுஷனுக்கு மட்டும் ஏன் அந்தப் பயம் வருஷக்கணக்கில் உடம்போடு நிற்கிறது என்பது அவருடைய கேள்வி. இதைப் பற்றி 1997-ல் புத்தகமும் எழுதினார். இந்த வழியில் வளர்ந்த சிகிச்சைகளுக்கு சொமாட்டிக் தெரபி என்று பெயர். ‘சோமா’ என்றால் கிரேக்க மொழியில் உடம்பு. நாம் இதை உடல்வழி மனச் சிகிச்சை என்று சொல்லலாம்.

திருநர் பிள்ளைகளுக்கு இதில் கூடுதல் கஷ்டம் ஒன்று இருக்கிறது. மான் ஒருமுறை புலியைப் பார்க்கிறது. இந்தப் பிள்ளைகளுக்குத் தெருவிலும் பஸ்ஸிலும் பள்ளிக்கூடத்திலும் தினம் தினம் ஆபத்து. சில வீடுகளில் வீட்டுக்குள்ளேயே ஆபத்து. உதறிப்போட நேரமே கிடைப்பதில்லை. அதிலும் கேலி செய்யப்படுவதே அவர்கள் உடம்புதான். நடை, குரல், கை அசைவு எதையும் விடுவதில்லை. அதனால் தோளைக் குறுக்கிக்கொள்வார்கள், குரலை விழுங்கிக்கொள்வார்கள், மூச்சைக்கூட மேலோட்டமாக விடுவார்கள். எந்தக் கழிவறைக்குப் போவது என்று பயந்து பள்ளிக்கூடம் விடும்வரை தண்ணீரே குடிக்காத பிள்ளைகள் உண்டு. நீர்க்கடுப்பு என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் காரணத்தை யாரும் கேட்பதில்லை.

ஒரு பிள்ளைக்கு நடந்தது

அந்தத் தாயின் சம்மதத்தோடு இதைச் சொல்கிறேன். ஊர், பெயர் சொல்ல மாட்டேன். பதினாறு வயதுப் பிள்ளை. பையன் என்று வளர்த்தார்கள். பிள்ளையோ, ‘நான் பொண்ணும்மா’ என்று சொல்லிவிட்டது. வீட்டில் முதலில் கோடாங்கியிடம் கூட்டிப்போனார்கள். நான்கு பேர் கையைக் காலைப் பிடித்துக்கொள்ள, வேப்பிலையால் அடித்தார்கள். அடுத்து ஒரு தனியார் கிளினிக். ‘ஆறு மாசத்தில் மாற்றிவிடலாம்’ என்று தூக்க மாத்திரை கொடுத்தார்கள். இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? அந்த அம்மா குழுவில் வாங்கிய கடன். கறவை மாட்டுக்கு என்று எழுதி வாங்கியது.

பிள்ளை ‘சரியாகிவிட்டது’ என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். ஏனென்றால் பேச்சே நின்றுவிட்டது. பிறகு சாப்பாடு நின்றது. பள்ளியில் வருகை எடுக்கும்போது பெயரைக் கூப்பிட்டால் மயங்கி விழுவாள். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். ஒரு குறையும் இல்லை. அடங்கிப்போவது வேறு, ஆறிப்போவது வேறு அக்கா. அந்தப் பிள்ளை அடங்கிப்போயிருந்தாள்.

உடல்வழிச் சிகிச்சையில் பயிற்சி பெற்ற ஒரு கவுன்சிலரிடம் அந்தத் தாய் கூட்டிப்போனார். அங்கே எடுத்ததும் ‘என்ன நடந்தது, சொல்லு’ என்று கேட்கவில்லை. ‘உன்னை என்ன பேர் சொல்லிக் கூப்பிடட்டும்? எங்கே உட்கார்ந்தால் உனக்கு வசதி?’ என்றுதான் கேட்டார். பிள்ளை கதவுக்குப் பக்கத்து நாற்காலியைக் காட்டினாள். ஓடவேண்டி வந்தால் ஓடலாம் என்று. கதவைத் திறந்தே வைத்தார்கள்.

‘கண்ணை மூடி உடம்பை கவனி’ என்றும் சொல்லவில்லை. தன் உடம்பே தனக்கு அந்நியமாக இருக்கிற பிள்ளையிடம் அப்படிச் சொன்னால் பயம் கூடிவிடும். அதனால் வெளியிலிருந்து தொடங்கினார்கள். ஜன்னலில் என்ன தெரிகிறது, என்ன சத்தம் கேட்கிறது, காலுக்குக் கீழே தரை சூடா குளிர்ச்சியா என்று கேட்டார்கள். பிறகு, ‘உன் தோள் இப்ப எங்க இருக்கு?’ என்று கேட்டபோது பிள்ளை சொன்ன பதில்: ‘காதுக்குப் பக்கத்துல.’ தன் தோள் மேலேறி நிற்பதே அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

கிணற்றில் படிப்படியாக இறங்குவது போல, பயத்தைக் கொஞ்சம் தொட்டுவிட்டு உடனே மேலே வந்துவிடுவார்கள். இரண்டு மாதம் கழித்து ஒருநாள், உள்ளங்கை இரண்டையும் சுவரில் வைத்து, ‘உனக்குப் போதும்னு தோன்றும்வரை தள்ளு’ என்றார் கவுன்சிலர். அன்றைக்கு நான்கு பேர் பிடித்திருந்தபோது தள்ளத் துடித்து முடியாமல் போன கை அது. அவள் தள்ளினாள். உடம்பு நடுங்கியது, வியர்த்தது, கடைசியில் சத்தம் போட்டு அழுதாள். அந்தத் தாய் என்னிடம் சொன்னார்: ‘ஏழு மாசத்துக்கு அப்புறம் எம்பிள்ளை சத்தத்தைக் கேட்டேன் மேடம்.’

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பிள்ளை இப்போது சாப்பிடுகிறாள், பள்ளிக்கூடம் போகிறாள். அப்பா இன்னும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஆனால் கவுன்சிலிங்குக்குக் கூட வருகிறார். வாசலில் டீக்கடையில் உட்கார்ந்திருப்பார், உள்ளே வர மாட்டார். அவர் தோளும் இறங்க நாளாகும்.

நல்ல சிகிச்சை எது, ஏமாற்று எது?

இந்தச் சிகிச்சை திருநங்கையை ஆணாக மாற்றாது. திருநம்பியைப் பெண்ணாக மாற்றாது. மாற்றுகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். நல்ல கவுன்சிலர் அனுமதி கேட்காமல் தொட மாட்டார். ‘போதும்’ என்றால் நிறுத்துவார். நடந்ததை எல்லாம் ஒரே நாளில் சொல்லச் சொல்ல மாட்டார். பெற்றோருக்குப் பிடித்ததைச் செய்வதாக வாக்குக் கொடுக்க மாட்டார். இன்னொன்று, இதுவும் எல்லாருக்கும் பொருந்தும் மந்திரம் இல்லை. இதைப் பற்றிய ஆய்வுகள் இன்னும் வளர்ந்துகொண்டுதான் இருக்கின்றன. சிலருக்குப் பேச்சுவழி கவுன்சிலிங் ஒத்துவரும், சிலருக்கு மாத்திரையும் தேவைப்படும். ஹார்மோன், அறுவைச் சிகிச்சை என்பதெல்லாம் தனி. அதற்கு அரசு ஆஸ்பத்திரி டாக்டரைத்தான் பார்க்க வேண்டும்.

சட்டமும் நம்ம பக்கம்தான். 2021 ஜூன் மாதம் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு முக்கியமான உத்தரவு போட்டார். பெற்றோரின் எதிர்ப்புக்குப் பயந்து மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரண்டு இளம்பெண்களின் வழக்கு அது. தீர்ப்புச் சொல்லும் முன்பு, தனக்கே இதில் தெளிவு வேண்டும் என்று அந்த நீதிபதி ஒரு மனநல நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். மருத்துவத்தின் பெயரால் ‘மாற்றுகிறேன்’ என்று செய்வதைத் தடை செய்தார். அதைத் தொடர்ந்து 2022-ல் தேசிய மருத்துவ ஆணையமும், அப்படிச் செய்வது டாக்டருக்குத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. ஒரு நீதிபதியே தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொண்டார் என்றால் நமக்கு என்ன கூச்சம்?

நாம் செய்யக்கூடியது

இந்தச் சிகிச்சையில் பயிற்சி பெற்றவர்கள் நம் பக்கம் குறைவு. ஆனால் அதன் அடிப்படை நமக்குத் தெரியும். 1989-ல் தருமபுரியில் குழு இயக்கம் தொடங்கிய காலத்திலிருந்து நாம் செய்துவருவதும் அதுதான். முதல்முறை பேங்க் வாசல்படி ஏறியபோது உங்கள் கை நடுங்கவில்லையா? கூட்டத்தில் எழுந்து சொந்தப் பெயரைச் சொல்லவே தொண்டை அடைக்கவில்லையா? இன்றைக்கு மேனேஜரிடம் கேள்வி கேட்கிறீர்கள். அந்த நடுக்கத்துக்கு யாரும் மருந்து தரவில்லை. பக்கத்தில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள், யாரும் சிரிக்கவில்லை. அவ்வளவுதான். பாதுகாப்பு கிடைத்தால் உடம்பு பயத்தைத் தானாகவே இறக்கி வைக்கும். அதை நாம் இந்தப் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம்.

1. பிள்ளை கேட்கிற பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். வீட்டுக்குள்ளேயாவது தொடங்குங்கள்.

2. கேட்காமல் தொடாதீர்கள், பின்னாலிருந்து தோளைத் தட்டாதீர்கள். ‘நடையை மாத்து, கையை ஆட்டாதே’ என்று நாள் முழுக்கத் திருத்தாதீர்கள்.

3. பயத்தில் விறைத்திருக்கும்போது ‘அழாதே, மறந்துடு’ என்று சொல்வதைவிட, பக்கத்தில் உட்காருங்கள். தண்ணீர் கொடுங்கள். காலைத் தரையில் ஊன்றச் சொல்லுங்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவதை மெதுவாக, நீளமாக விடச் சொல்லுங்கள். மூச்சை வெளியே விடும்போது நெஞ்சுத் துடிப்பு குறையும். நாற்று நடும்போது பாடுவதும், குழந்தைக்குத் தாலாட்டுப் பாடுவதும் அப்படி மூச்சை நீட்டி விடுகிற வேலைதான்.

4. திருநம்பிப் பிள்ளைகள் மார்பு தெரியாமல் இருக்கத் துணியை இறுகக் கட்டுவது உண்டு. பேண்டேஜ் துணியைக் கட்டவே கூடாது. எதைப் போட்டாலும் எட்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது, தூங்கும்போது கழற்ற வேண்டும். மூச்சு முட்டினாலோ வலித்தாலோ உடனே கழற்ற வேண்டும். திட்டினால் மறைத்துக்கொண்டு இன்னும் இறுக்கிக் கட்டுவார்கள். பக்குவமாகச் சொல்லுங்கள்.

5. பெண்ணை விரும்புகிற மகளுக்கு ‘கல்யாணம் ஆனா சரியாயிடும்’ என்று அவசரக் கல்யாணம் வேண்டாம். அது இரண்டு குடும்பத்தைக் கெடுக்கும். பிள்ளைக்குப் பதினெட்டு ஆகவில்லை என்றால் குற்றமும்கூட. தடுக்க 1098-க்குச் சொல்லலாம்.

6. ‘நான் இருந்து என்ன பயன்’ என்று பிள்ளை பேசினால் மிரட்டல் என்று ஒதுக்காதீர்கள். தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்தை வீட்டில் வைக்காதீர்கள். 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் இரவும் பகலும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். அரசு ஆஸ்பத்திரியில் மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் எந்த நாளில் வருகிறார் என்று ஒவ்வொரு ஊக்குநரும் கேட்டு நோட்டில் எழுதி வையுங்கள்.

உறுப்பினர்கள் கேட்ட கேள்விகள்

‘சின்ன வயசு தானே மேடம், போகப் போக மாறிடாதா?’

பிள்ளை தன்னைப் புரிந்துகொள்ள நாளாகலாம். அது எந்த முடிவுக்கு வந்தாலும் சரி, அடியும் மாத்திரையும் அதற்கு உதவாது. காத்திருப்பதில் நஷ்டம் இல்லை. பயமுறுத்துவதில்தான் நஷ்டம்.

‘ஊரு என்ன சொல்லும்?’

ஊர் என்பது யார் அக்கா? இந்த அறையிலேயே பாதி ஊர் உட்கார்ந்திருக்கிறது. நாம் வாயைக் கட்டினால் பாதிப் பேச்சு குறைந்துவிடும்.

‘திருநங்கைகளை நம்ம குழுவுல சேர்க்கலாமா?’

தாராளமாக. இந்தியாவிலேயே முதல்முறையாக 2008-ல் அவர்களுக்கு நல வாரியம் அமைத்தது நம்ம தமிழ்நாடு. தனிக் குழு தொடங்கி நடத்துகிற திருநங்கைகளும் இருக்கிறார்கள். சேமிப்பும் கடனும் அவர்களுக்கும் வேண்டும்.

‘அம்மாவுக்கு யாரு மேடம் கவுன்சிலிங் தர்றது?’

இந்தக் கேள்வியைக் கேட்டவர் எழுந்து நிற்கவில்லை, கடைசி வரிசையில் உட்கார்ந்தபடியே கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலை எல்லாருக்கும் சொல்கிறேன். 14416 அம்மாக்களுக்கும்தான். பிள்ளைக்கும் புருஷனுக்கும் நடுவில் நின்று அடி வாங்குகிற உடம்பிலும் பயம் தங்கும். தூக்கம் போகும், தலைவலி நிற்காது, நெஞ்சு அடைக்கும். அது உங்கள் பலவீனம் இல்லை. நீங்களும் இறக்கி வைக்க வேண்டியவர்தான்.

குழுவில் பேசி முடிவெடுக்க

அடுத்த குழுக் கூட்டத்தில் மூன்று விஷயங்களைப் பேசித் தீர்மான நோட்டில் எழுதுங்கள். ஒன்று, இந்தப் பிள்ளைகளைப் பற்றிய வசவுச் சொற்களை நம் கூட்டத்தில் சொல்வதில்லை. இரண்டு, பிள்ளையை ‘மாற்ற’ செலவு செய்வதற்கோ கட்டாயக் கல்யாணத்துக்கோ குழுக் கடன் கொடுப்பதில்லை. யாராவது அதற்காகக் கேட்கிறார் என்று தெரிந்தால், கடனை மறுத்துவிட்டு அத்தோடு விட்டுவிடாமல் இரண்டு பேர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேச வேண்டும். மூன்று, ஒரு தாய் தனியாகப் பேச வந்தால் அவர் சொன்னது குழுவைத் தாண்டி வெளியே போகக்கூடாது.

கறவை மாட்டுக் கடனைப் பற்றிச் சொன்னேன் இல்லையா? அந்தக் குழு அந்த அம்மாவுக்கு மாதத் தவணையைக் குறைத்துக் கொடுத்திருக்கிறது. இன்னும் பதினொரு மாதம் பாக்கி. குழுவில் யாரும் முகம் சுளிக்கவில்லை. அந்தக் குழுவுக்கு இந்தக் கூட்டமைப்பின் சார்பில் நன்றி சொல்கிறேன்.